பசுவுக்கு நாம் இடும் வாயுறை

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில், பல்கலைக்கழக மாணவ அங்கத்தவர் ஒருவர் நிகழ்த்திய உரை)



சென்ற மாதம் நமது செயலாளர் என்னிடம் வந்து, "தம்பி, நீர் பேராதனையில் மாடுகளைப் பற்றித்தானே படிக்கிறீர். அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றியே பேசிவிடும்" என்றார். பக்கத்திலிருந்த நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். கொலன்னாவையில் மாடு எங்கே இருக்கிறது என்பது அச்சிரிப்பின் கருத்து. எண்ணெய்க் குதங்களும், லொறிகளும், நெருங்கிக் கட்டிய வீடுகளும் உள்ள ஊர் இது என்பது உண்மையே. ஆயினும், சதுப்பு நிலத்தின் ஓரமாக ஒன்றிரண்டு பசுக்களைக் கட்டி வளர்ப்போர் இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. அன்றியும், மாடில்லாத வீட்டாரும் மாட்டுக்குக் கொடுக்கிறோம். அமாவாசையில் அகத்திக்கீரை வாங்கிப் பசுவின் வாயில் இடுகிறோம். பட்டிப்பொங்கலன்று பொங்கற்சோறு வைக்கிறோம். வாழைப்பழத் தோலையும் மிஞ்சிய சோற்றையும் ஒரு பையிற் கட்டி மதிலோரம் போட்டு, "மாடு தின்னட்டும்" என்கிறோம்.

ஆதலின், நான் எடுத்துக்கொண்ட பொருள் பாற்பசுவுக்குக் கொடுக்கும் துணையுணவு. அதிலும் இலை, குழை, கிழங்கு, பிண்ணாக்கு என மரஞ்செடிகளிலிருந்து நமக்குக் கிடைப்பவை. அவை பசுவின் உடல்நலத்துக்கும் பாலுக்கும் என்ன செய்கின்றன, என்ன செய்யமாட்டா என்பதே என் பேச்சு.

விஷயத்துக்கு வருமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதை என் வீட்டார் தவிர வேறு எவருக்கும் இதுகாறும் நான் சொன்னதில்லை.

அப்பொழுது எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியிருந்த ஓர் ஆச்சி ஒரேயொரு பசு வளர்த்து வந்தார். நாளொன்றுக்கு ஆறேழு போத்தல் பால் கறக்கும் சிறிய பசு. எங்கள் வீட்டுக்கு இரண்டு போத்தல். மீதி அயலுக்கு. நான் படித்த மிஷன் பாடசாலையில் நத்தார் விழாவுக்குப் பாலன் குடில் கட்டும்போது, அதற்கு வேண்டிய வைக்கலை ஆச்சியிடம் கேட்டு வாங்கிச் செல்பவன் நானே. மாட்டுக்குத் தீன் வைக்கும் தொட்டிக்கு "முன்னணை" என்றொரு நல்ல தமிழ்ச் சொல் உண்டென்பதை நான் அறிந்ததும் அந்த விழாவில்தான். ஆச்சி அதைத் தொட்டி என்றே சொல்லுவார்.

அவ்வாண்டுப் பட்டிப்பொங்கலன்று பசுவைக் குளிப்பாட்டிச் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சூட்டியிருந்தார்கள். ஒழுங்கையிலே பல வீடுகளில் சர்க்கரைப் பொங்கல் மிஞ்சியிருந்தது. அதை வீணாக்குவானேன் என்று நான் ஒரு பெரிய சருவத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று சேர்த்தேன். பத்துக் கிலோவுக்குக் குறையாது. ஆச்சி கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து முழுவதையும் பசுவின் முன்னே வைத்தேன். அது ஆவலோடு தின்றது; சருவத்தையும் நக்கியது. எனக்குப் பெருமிதம் தாங்கவில்லை.

மாலையில் அது அசைபோடுவதை நிறுத்திவிட்டது. இரவிற் பல்லை நறநறவென்று கடித்தது. இடது விலாப் புறம் உப்பியது. சாணம் தண்ணீராகப் புளித்த நாற்றத்தோடு போயிற்று. விடுமுறை நாளாதலின் மிருக வைத்தியர் மறுநாள் மதியத்துக்குப் பின்னரே வந்து சேர முடிந்தது. அவர் செய்யக்கூடியதைச் செய்தார். மூன்றாம் நாள் விடியற்காலையிற் பசு இறந்தது. நான்கு மாதக் கன்று கொட்டிலிற் கத்திக்கொண்டு நின்றது. நான் ஆச்சியின் முன்னே போய் நின்று அழுதேன். அவர் என் தலையைத் தடவி, "அழாதை ராசா, நீ ஆசையாத்தானே குடுத்தனீ" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கன்றைச் சில நாளில் விற்றுவிட்டார். அதன் பின் அவர் மாடு வைத்திருக்கவில்லை.

நான் ஏன் இந்தத் துறையை எடுத்தேன் என்று கேட்கும் நண்பர்களுக்கு இதுவே விடை. நிற்க.

பொங்கலில் நஞ்சில்லை. அரிசியும் சர்க்கரையும் பயறும் நாமும் உண்பவையே. அவை ஒரு பசுவைக் கொன்றது எவ்வாறு? இதற்கு விடை பசுவின் வயிற்றில் இருக்கிறது. அதை விளங்கிக்கொண்டால், எந்த இலை நல்லது, எந்தத் தூள் வீண் என்பதெல்லாம் தாமே விளங்கும்.

பசுவின் வயிறு நான்கு அறைகள் உடையது. முதலறையே மிகப் பெரியது. பெரிய பசுவொன்றில் அது நூறு லீற்றருக்கும் மேற்பட்டது கொள்ளும். அதை வயிறு என்பதிலும் புளிக்கவைக்கும் தாழி என்பதே பொருந்தும். அதற்குள்ளே கோடானு கோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. புல்லையும் வைக்கலையும் சமிக்கச் செய்யும் ஆற்றல் பசுவுக்கு இல்லை. அந்த நுண்ணுயிர்களுக்கே உண்டு. அவை நாரைப் புளிக்கவைத்துச் சில அமிலங்களை ஆக்குகின்றன. நம் வீட்டு வினாகிரியில் உள்ள அசற்றிக் அமிலம் அவற்றுள் ஒன்று. பாலிலுள்ள கொழுப்பின் பெரும் பகுதிக்கு அதுவே மூலம். வேறோர் அமிலத்திலிருந்து குளுக்கோசும், அதிலிருந்து பாலின் சர்க்கரையும் ஆகின்றன. இவ்வளவும் செய்த நுண்ணுயிர்கள், பின்னர் உணவோடு கீழறைக்குச் சென்று தாமே சமிபாடடைந்து, பசுவுக்கு வேண்டிய புரதத்தின் பெரும் பங்காகின்றன. பசு புல்லைத் தின்று நுண்ணுயிரை வளர்க்கிறது. நுண்ணுயிரைத் தின்று தான் வாழ்கிறது. இதை முதலிற் கேட்டபோது எனக்குப் பெரிய வியப்பாயிருந்தது. இன்றும் அந்த வியப்பு நீங்கியபாடில்லை.

ஆகவே நாம் பசுவுக்கு எதைக் கொடுத்தாலும், அதை முதலில் உண்பவை அந்நுண்ணுயிர்களே. நாரையுண்டு பழகிய கூட்டத்தின்மேல் திடீரென்று பத்துக் கிலோ சோற்றையும் சர்க்கரையையும் கொட்டினால், மாப்பொருளை வேகமாகப் புளிக்கவைக்கும் ஒரு சாரார் மட்டும் அளவின்றிப் பெருகி, இலற்றிக் அமிலத்தைக் குவிக்கின்றன. தயிர் புளிப்பதும் அந்த அமிலத்தாலேயே. வயிறு புளிக்கப் புளிக்க நாரையுண்ணும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. வயிற்றின் உட்சுவர் வெந்து போகிறது. உடலின் நீர் வயிற்றுக்குள் இறங்குகிறது. அமிலம் இரத்தத்திலும் ஏறுகிறது. தமிழ்நாட்டு மிருக வைத்தியர்கள் ஆண்டுதோறும் மாட்டுப்பொங்கலை அடுத்து இதைப் பற்றி எச்சரிக்கை செய்கிறார்கள். கலியாண வீட்டு எச்சிற் சோறு தின்ற மாட்டுக்கும் இதே கதிதான். நோய் தொடக்கத்திலே கண்டுகொள்ளப்பட்டால் அப்பச்சோடா முதலியவை கொண்டு வைத்தியர் காப்பாற்றக்கூடும். என் சருவத்துக்கு அந்தக் காலம் கிடைக்கவில்லை.

திருமூலர் பசுவுக்குக் கொடுக்கச் சொன்னது ஒரு வாயளவு. வாயுறை என்பது அவர் வழங்கிய சொல். சருவம் சருவமாக வைக்க அவர் சொல்லவில்லை.

இனி, எதைக் கொடுக்கலாம்? நம் முன்னோர் அமாவாசைக்கு அகத்தியைத் தேர்ந்தெடுத்ததைச் சற்று எண்ணிப் பாருங்கள். அகத்தியிலையை உலர்த்தி நிறுத்தால் அதில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு புரதம். வைக்கலிலோ நூற்றுக்கு நாலு பங்குதான். மாட்டின் முழுத் தீனியிற் புரதம் நூற்றுக்கு ஏழு பங்குக்குக் கீழே போனால் நுண்ணுயிர்கள் நைதரசன் இன்றிப் பட்டினி கிடக்கின்றன. அவை சோர்ந்தால் வைக்கல் வயிற்றிலே தங்கிவிடும். வைக்கல் தங்கினால் மாடு மேலும் தின்னாது. தொட்டி நிறைய வைக்கல் கிடக்க மாடு மெலிவதன் காரணம் இதுவே. அந்த நிலையில் ஒரு பிடி பச்சைக் குழை கொடுத்தால், அது தன் அளவுக்குரிய சத்தை மட்டும் தருவதன்று. கிடந்த வைக்கலையும் உணவாக்கிவிடுகிறது. துணையுணவு என்ற பெயர் அதற்கு முற்றிலும் தகும்.

யாழ்ப்பாணத்து வேலிகள் இவ்வறிவை நன்கு காட்டுவன. பூவரசு, கிளுவை, முள்முருங்கை என்று கதியால் நட்டு, வேலியையே தீனாக்கினார்கள். பனையோலையைக் கிழித்து மாட்டுக்குப் போடும் வழக்கமும் அங்கு உண்டு. நமது கொழும்புப் புறத்திலே வேலிக்குப் பெரிதும் நடுவது சீமைக்கிளுவை. சிங்கள மக்கள் கினிசீரியா என்றும், வெட்டமாரா என்றும் வழங்குவர். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம் இது. தேயிலைக்கும் கொக்கோவுக்கும் நிழலாக நட்டார்கள். பின்னர் லுணுவிலையிலுள்ள தெங்கு ஆராய்ச்சி நிலையத்தார் தென்னைக்கிடையே இதை நட்டு, குழையை உரமாகவும் தீனாகவும், கொம்பை விறகாகவும் பயன்படுத்தும் முறையை ஆராய்ந்தனர். தேயிலை, இறப்பர், தெங்குக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிர் என்று இந்நாட்டில் இதைச் சிறப்பித்தமை பலருக்கும் தெரியாது.

இதற்கு ஒரு சிறு கணக்குச் சொல்கிறேன். கணக்கென்றதும் பின்வரிசை நண்பர்கள் கண்ணை மூடவேண்டாம். பத்துக் கிலோ பச்சைச் சீமைக்கிளுவைக் குழையில் நீர் போக மிஞ்சுவது ஏறக்குறைய இரண்டேகாற் கிலோ. அதிலே அரைக் கிலோவளவு புரதம். இதே புரதத்தைத் தேங்காய்ப் பிண்ணாக்கிற் பெற வேண்டுமாயின் இரண்டரைக் கிலோவுக்கு மேல் வாங்க வேண்டும். ஒரு லீற்றர்ப் பாலுக்காகப் பசுவின் தீனியில் ஏறத்தாழத் தொண்ணூறு கிராம் புரதம் வேண்டும் என்று கொள்வர். ஆகவே, வேலியிலே சும்மா நிற்கும் பத்துக் கிலோ குழை ஐந்து லீற்றர்ப் பாலுக்கு வேண்டிய புரதத்தைத் தாங்கி நிற்கிறது. ஆனால், புரதம் மட்டும் பாலாகாது. அதோடு தவிடோ பிண்ணாக்கோ சிறிது சேர்ந்து பலம் தரவேண்டும், அடியில் வைக்கலோ புல்லோ இருக்கவேண்டும், தண்ணீர் வேண்டும். பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு நீர். ஒரு லீற்றர்ப் பால் கறக்கும் பசு அதற்கென நாலைந்து லீற்றர் நீர் குடிக்க வேண்டியிருக்கிறது. வெயிலிலே கட்டிவைத்து, மாலையில் ஒரு வாளி நீர் காட்டிவிட்டுப் பால் குறைந்ததென்று மருந்து தேடுவோரை நான் கண்டிருக்கிறேன். அங்கே வேண்டிய மருந்து இன்னொரு வாளி.

சீமைக்கிளுவையிலும் கவனிக்க வேண்டியன சில உள. அதன் விஞ்ஞானப் பெயருக்கே எலிக்கொல்லி என்று பொருள். கூமரின் என்னும் வாசனைப் பொருள் அதன் இலையில் உண்டு. பழகாத மாடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பும். வெட்டிய குழையை அரை நாள் வாடவிட்டு, தவிட்டிலே புரட்டிச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கினால் பின்பு விரும்பித் தின்னும். பூசணம் பிடித்த குழையை மட்டும் கொடுக்கலாகாது. கூமரின் கெட்டுப் பூசணம் பிடித்தால் இரத்தத்தை உறையவிடாத பொருளாக மாறும்.

இதற்கு ஒரு கதை உண்டு. 1920 ஆம் ஆண்டுகளிற் கனடாவிலும் அமெரிக்காவிலும், கெட்டுப்போன ஒருவகைக் குளோவர்ப் புல்லைத் தின்ற மாடுகள் சிறு காயத்திலும் இரத்தம் நிற்காமல் இறந்தன. 1933 ஆம் ஆண்டு மாசி மாதத்துப் பனிப்புயலில், விஸ்கொன்சின் கமக்காரர் ஒருவர் இறந்த பசுவையும், உறையாத இரத்தம் நிறைந்த ஒரு பாற்பாத்திரத்தையும் ஏற்றிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்று, கார்ல் லிங்க் என்னும் இரசாயனப் பேராசிரியரிடம் காட்டினார். லிங்க் குழுவினர் பல்லாண்டு உழைத்து அந்த நஞ்சைப் பிரித்தெடுத்தனர். அதன் வழிவந்ததே வார்பரின். முதலில் எலிப் பாஷாணம். பின்னர் மனிதருக்கு மருந்து. இங்கே வீற்றிருக்கும் பெரியோருள் எவரேனும் இருதய வைத்தியர் சொற்படி வார்பரின் குளிசை எடுப்பவராயின், அது ஒரு பசுவின் கெட்ட தீனியிலிருந்து வந்தது என்பதை அறிக.

இப்பில் இப்பில் மரத்தின் கதை இன்னும் சுவையுடையது. அதன் இலையும் புரதம் மிக்கதே. ஆனால், மிமோசின் என்னும் பொருள் அதில் உண்டு. அளவு மீறித் தின்ற மாட்டுக்கு மயிர் உதிரும்; கழுத்துச் சுரப்பி வீங்கும். அவுஸ்திரேலியாவிற் பணியாற்றிய ரேமண்ட் ஜோன்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர், அங்கே மாடுகள் நோயுறுவதையும், ஹவாய்த் தீவில் ஆடுகள் அதே இலையை வயிறாரத் தின்று சுகமாயிருப்பதையும் கண்டார். இலை ஒன்றே, ஆட்டின் வயிற்றிலே வாழும் நுண்ணுயிர் வேறு என்று ஊகித்தார். 1980 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், ஹவாய் ஆட்டின் வயிற்றுநீரிலிருந்து பெற்றவற்றை அவுஸ்திரேலியக் கால்நடைகளின் வயிற்றிற் புகுத்தினார்கள். அவையும் நோயின்றி அவ்விலையைத் தின்னத் தொடங்கின. நஞ்சை முறிக்கும் அந்தப் பற்றீரியாவுக்குப் பின்னர் 1992 ஆம் ஆண்டில் அவர் பெயரையே இட்டு, சினர்ஜிஸ்டீஸ் ஜோன்சி என்றனர். வயிற்றிலே குடியிருப்போரைக் கேளாது தீனியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நம் போன்றோர் செய்யத்தக்கது எளிது. இப்பில் இப்பிலை மற்றத் தீனியோடு மூன்றிலொரு பங்குக்கு மேற்படாமற் கொடுத்தல் வேண்டும்.

இனி, பால் பெருக்கும் மூலிகைகள். பல தாய்மார்கள் இதைக் கேட்கவே வந்திருப்பீர்கள். வெந்தயம், சீரகம், பெருஞ்சீரகம், சாத்தாவாரி எனப் பல சொல்லப்படுகின்றன. சாத்தாவாரியைத் தமிழ்நாட்டிலே தண்ணீர்விட்டான் கிழங்கு என்பர். சிங்கள மக்கள் ஹாத்தாவாரிய இலையிற் கஞ்சி காய்ச்சுவதை இங்கு யாவரும் அறிவோம். பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்க இக்கிழங்கைக் கொடுப்பது பழைய வைத்திய முறை. பசுவுக்கும் இதன் தூளைக் கொடுத்து இந்தியாவிற் பலமுறை ஆராய்ந்திருக்கிறார்கள். சில ஆராய்ச்சிகளிற் பால் சற்றுக் கூடியது. சிலவற்றிற் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. நான் இதை இகழவில்லை. ஆயினும் என் கருத்தைக் கேட்பீர்களாயின், எலும்பு தெரியும் பசுவுக்குச் சாத்தாவாரி கொடுப்பது, அடுப்பில் விறகில்லாமல் ஊதுகுழலை ஊதுவது போன்றது. பாலை ஆக்குவது சத்து. சுரக்கத் தூண்டுவது அதன் பின்னர்தான். கவர்ச்சியான படம் போட்ட புட்டிகளுக்குச் செலவிடுமுன், அந்தப் பணத்துக்கு எத்தனை கிலோ பிண்ணாக்கு வரும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

சாத்தாவாரியின் இனப் பெயர் அஸ்பராகஸ். அதைப் போன்ற தோற்றமுடையது என்பதனால் அஸ்பராகொப்சிஸ் என்று பெயர் பெற்ற கடற்பாசி ஒன்று உண்டு. மாடு ஏப்பமாக வெளிவிடும் மீதேன் வாயு உலகைச் சூடாக்கும் வாயுக்களுள் ஒன்று. இந்தப் பாசியைத் தீனியில் மிகச் சிறிதளவு சேர்த்தால் அவ்வாயு பெரிதும் குறைகிறது என்று அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் கண்டனர். பெயர் ஒற்றுமையால் ஒன்றையொன்று என்று மயங்கவேண்டாம். ஒன்று மலைச்சரிவிற் படர்வது. மற்றது கடலடியில் வளர்வது.

தமிழ்நாட்டுக் கால்நடைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராயிருந்த புண்ணியமூர்த்தி அவர்கள் நாட்டு மருந்துகளை ஒழுங்குபடுத்திப் பரப்பியதை இங்கே குறிப்பிடுதல் தகும். மடிவீக்கத்துக்கு அவர் சொன்ன முறை, கற்றாழை 250 கிராம், மஞ்சட்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்தரைத்து, மடியைக் கழுவிக் கறந்துவிட்டு நாளொன்றுக்குப் பலமுறை பூசுவது. இந்தியாவின் தேசிய பால்வள அபிவிருத்திச் சபையும் இம்முறையைக் கமக்காரரிடையே பரப்பியது. பசுவுக்குக் காய்ச்சல் கண்டாலோ பாலில் இரத்தம் கண்டாலோ வைத்தியரை அழைக்கத் தாமதிக்கக் கூடாது. இது தீனியின் பாற்பட்டதன்று. ஆனால், பாற்பசுவைப் பற்றிப் பேசிவிட்டு மடியை மறப்பது எவ்வாறு?

இதையெல்லாம் இன்று பேசுவானேன் என்றால், 2021, 2022 ஆம் ஆண்டுகளை நாம் மறக்கவில்லை. அந்நியச் செலாவணி வற்றியது. நானூறு கிராம் பால்மாப் பைக்கட்டு ஒன்றுக்காகக் கடைவாசலில் வரிசையில் நின்றோம். பால்மா கப்பலில் வருவது, ஆகவே இல்லை. ஊரிலே மாடு வைத்திருந்தவரும் கையை விரித்தார். அவருடைய மாட்டுத்தீவனத்துக்கு வேண்டிய சோளமும் பிறவும் தட்டுப்பட்டு, மூட்டையின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. நாம் குடிக்கும் பாலிற் பாதிக்கும் குறைவே இந்நாட்டிற் கறக்கப்படுகிறது. அதற்கும் முன், 2013 ஆம் ஆண்டில், நியூசீலந்திலிருந்து வந்த சில பால்மாக்களில் டி.சி.டி. என்னும் இரசாயனம் காணப்பட்டதென்று சுகாதார அமைச்சு அவற்றைக் கடைகளிலிருந்து மீளப் பெறுவித்தது. அங்குள்ள புற்றரையில் நைதரசன் வீணாகாதிருக்கத் தெளிக்கப்பட்டதே அப்பொருள். எங்கோ ஒரு புற்றரையிலிட்டது கொலன்னாவையின் தேநீர்க் கோப்பைக்குள் வந்துவிடுகிறது. பூசணம் பிடித்த பிண்ணாக்கின் நஞ்சும் அவ்வாறே பாலில் இறங்கும். பசுவின் வாய்க்கும் நம் வாய்க்கும் இடையில் உள்ள தூரம் நாம் நினைப்பதிலும் குறைவு.

நம்மூரைப் பற்றிச் சொல்ல வேண்டியது இரண்டு. கால்வாய்களை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையைச் சிலர் வாரி மாட்டுக்குப் போடுகிறார்கள். அதிற் பெரும் பங்கு வெறும் நீர். அன்றியும், கழிவுநீரிலுள்ள உலோகங்களைத் தன்னுள் உறிஞ்சி வைக்கும் இயல்புடையது. நகரத்துக் கால்வாயிலிருந்து அதை எடுத்துக் கறவைப் பசுவுக்குக் கொடுப்பது தகாது. மற்றது குப்பை. 2017 ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதை இவ்வூரார்க்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. குப்பையிலே மேயும் மாட்டைப் பற்றி மட்டும் ஒரு சொல். சோறு மணக்கும் பொலித்தீன் பையை மாடு அவிழ்த்துத் தின்னாது, பையோடு விழுங்கும். அது சமிப்பதுமில்லை, வெளியேறுவதுமில்லை. முதலறையிலே ஆண்டுக்கணக்காகத் திரண்டு, தீனிக்கு இடமில்லாமற் செய்யும். கம்பித் துண்டும் ஆணியும் இரண்டாம் அறையில் தங்கி, சுவரைத் துளைத்து, முன்னேயிருக்கும் இருதயத்தைக் குத்துவதுண்டு. படிப்பின் பொருட்டு இறந்த பசுவொன்றின் வயிற்றைத் திறந்தபோது, நாங்கள் வெளியே எடுத்த பொலித்தீன் உருண்டையை ஒருவனால் ஒரு கையாற் தூக்க முடியவில்லை. அதனுள்ளே ஒரு பூமாலையின் நாரும் இருந்தது. நாம் புண்ணியமென்று மதிலோரம் வைத்த பைதான் அங்கே போய்ச் சேர்ந்ததோ, யார் அறிவார்?

எனவே நிருவாக சபையார் முன் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். வரும் பட்டிப்பொங்கலுக்கு நம் சங்கத்தின் சார்பிற் பசுக்களுக்குக் கொடுப்பது, கையளவு பொங்கலும் ஒரு கட்டு அகத்தியோ சீமைக்கிளுவையோ ஆகுக. கட்டை வாழைநாராற் கட்டுவோம். இதற்கு வேண்டிய குழையைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. நம் மண்டபத்தின் பின்வேலி தகரம் உக்கிக் கிடக்கிறது. அங்கே கதியால் நடலாம். கடுவலைப் பக்கத்திலுள்ள என் மாமா வீட்டு வேலியில் நாற்பது கதியாலுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஆறடி நீளம், கைமொத்தம். வைகாசி மழை தொடங்கியதும் ஓரடி ஆழத்தில் நட்டால் பிடித்துக்கொள்ளும். முதலாண்டு வெட்டாமல் விடவேண்டும். அதன்பின் இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை குழை வெட்டலாம். தம் வீட்டுக்கும் வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தந்து செல்லலாம். லொறிச் செலவைப் பகிர்ந்துகொண்டாற் போதும்.

ஆச்சி இப்பொழுது வெள்ளவத்தையில் மகளோடு மாடிவீடொன்றில் இருக்கிறார். சென்ற ஞாயிறு போய், இந்தப் பேச்சைப் பற்றியும், உங்கள் பசுவைப் பற்றிச் சொல்லப் போகிறேன் என்பதைப் பற்றியும் சொன்னேன். பால்மாத் தேநீரை என் கையிலே தந்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தார். பிறகு, "கதியாலின்ரை அடியைச் சரிச்சு வெட்டு ராசா. தலைகீழா நட்டுப்போடாதை, அது தளிர்க்காது" என்றார்.